சவ்வாது மலையும் சைக்கிள் யாத்திரையும்

யாத்திரை என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே திருவண்ணாமலையைச் சூழ வாழ்வோராகிய நமக்கு முதற்கண் நினைவிற்கு வருவது கிரிவலமேயாம். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் வழியைக் கால்நடையாய்ச் சுற்றி வருதலை நாம் சிறு பிராயந்தொட்டுக் கண்டு வருகின்றோம். அக்கூட்டத்தின் ஆரவாரம் ஒருவகைச் சிறப்புடையது. ஆயின் அமைதியிலும் ஒரு சிறப்புண்டு. வேங்கிக்கால் ஏரிக்கரையின்மீது நின்று, வானந் தெளிந்த காலைப்பொழுதில் வடமேற்கே நோக்குவார்க்கு நீலநிறமாய் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்று தோன்றும். அதுவே சவ்வாது மலை. பன்முறை நோக்கியும் ஒருமுறையேனும் சென்று காணாதார் நம்முட் பலர். பேருந்தேறிச் சென்றாருங்கூட உறங்கிக்கொண்டே சென்று உறங்கிக்கொண்டே மீண்டனர் என்பது அவரே சொல்லும் செய்தி. ஆகவே அம்மலைக்குச் சைக்கிளிற் செல்வது எங்ஙனம், செல்வதனால் வரும் பயன் யாது, செல்வார் அஞ்சவேண்டியது எதற்கு என்னும் மூன்றினையும் ஈண்டுச் சிறிது விளக்கக் கருதுகின்றோம்.

மலையின் இயல்பு

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் இது பரந்து கிடக்கின்றது. இதன் நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அகலம் ஏறக்குறைய 32 கிலோமீட்டர். சிகரங்கள் சில 3,000 அடிக்கும் மேற்பட்டன. பாலாற்றிற் சென்று கலக்கும் செய்யாறு இம்மலையிலேயே பிறக்கின்றது. உதகையைப் போலவோ கோடைக்கானலைப் போலவோ ஐரோப்பியர் தங்கும் பொருட்டு அமைத்த நகரம் எதுவும் இங்கே எழவில்லை. அதனாலேயே மாளிகைகளும் கடைவீதிகளும் மலிந்திலாது, சந்தனமும் புளியும் பலாவும் நிற்கும் காடுகளும், சாமை விளையும் சரிவுகளும், சிற்றூர்களுமாக இம்மலை இன்றளவும் அடக்கமாய் இருந்துவருகின்றது. நடுவண் அமைந்த தலைமையூர் ஜமுனாமரத்தூர்.

இங்கே வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்று பெயர். இப்பெயரைக் கேட்டுக் கேரள நாட்டார் என்று மயங்குதல் கூடாது. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். இவர் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர் என்னும் கதை இவரிடை வழிவழியாய் வழங்குகின்றது.

சைக்கிள் எதற்கு?

மோட்டார் வண்டி இருக்கச் சைக்கிள் எதற்கு என்று வினவுவார் உளர். நடந்து செல்வோன் மணிக்கு 5 கிலோமீட்டர் செல்வான். சைக்கிளில் செல்வோன் சமநிலத்தில் 15 கிலோமீட்டர் செல்வான். மோட்டாரில் செல்வோன் 50 கிலோமீட்டருக்குக் குறையான். முதலாமவன் யாவற்றையுங் காண்பான். ஆயின் நெடுந்தூரம் செல்லான். மூன்றாமவன் நெடுந்தூரம் செல்வான். ஆயின் ஒன்றையுங் காணான். இடைப்பட்டவனுக்கோ இரண்டும் வாய்க்கின்றன. அவன் விரும்பிய இடத்தே கால் ஊன்றி நிற்கலாம். எதிரே வருவாரிடம் வழி வினவலாம். வயலில் நிற்பவர் கூப்பிட்டால் அவன் செவிக்கு எட்டும். இயந்திர ஓசை இன்மையால் காட்டின் ஓசை அவனுக்குக் கேட்கும்.

இக்கருத்து புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இந்நாட்டைப் பற்றியதே. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் அதனைப் பாடினார். பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு நன்னன்பாற் செல்லும் மலைவழியை எடுத்துக் கூறுவதாக அந்நூல் அமைந்துள்ளது; ஆதலின் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். நன்னனது தலைநகராகிய செங்கண்மா இக்காலத்துச் செங்கம் என்பர். அந்நூல் கூறும் சேயாறு இன்றைய செய்யாறு. நவிரமலை இக்காலத்துப் பருவதமலை என்பது அறிஞர் பலர் துணிபு. எவ்விடத்தே வழுக்கும், எவ்விடத்தே விலங்கு வரும், எவ்வூரார் என்ன உணவு அளிப்பர் என்பன வெல்லாம் அதிற் கூறப்பட்டுள. மலைவழிச் செலவினர்க்கு நம் முன்னோர் இயற்றிய வழிகாட்டி நூல் அஃது என்னலாம். அவ்வழியை அக்கூத்தரது நடைக்குச் சற்றே விரைந்த நடையிற் கடப்பதற்கு ஏற்ற கருவி சைக்கிளே.

கருவியின் வரலாறு

1817-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கார்ல் வான் டிரைஸ் என்பவர் பெடல் இல்லாத இருசக்கர வண்டி ஒன்றை அமைத்தார். ஏறியமர்ந்தவர் காலால் நிலத்தை உந்திச் செல்லவேண்டும். பிற்காலத்தே முன்சக்கரம் மிகப்பெரிதும் பின்சக்கரம் மிகச்சிறிதுமான வண்டிகள் தோன்றின. அவற்றினின்றும் வீழ்ந்து தலையுடைந்தார் பலர். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஒத்த அளவின இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் அமைந்த வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். இன்று நாம் ஏறும் வண்டி அவ்விருவர் கண்ட வடிவினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. நம் நாட்டிலும், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தோன்றியது.

இக்கருவியைக்கொண்டு நம் நாட்டிளைஞர் செய்த அருஞ்செயல் ஒன்றையும் மாணவர் அறிதல் நன்று. 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவருள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ரஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் ஏறக்குறைய 44,000 மைல் கடந்து 1928-இல் தாயகம் மீண்டனர். பாலைவனங்களையும் பனிமலைகளையும் அவர் கடந்தது நம்மூர்க் கடைகளில் வாடகைக்குக் கிடைத்த வண்டிகளைப் போன்ற எளிய வண்டிகளிலேயாம்.

பெண்பாலார்க்கு இது பொருந்தாது என்பாரும் உளர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபொழுது பல்லாயிரம் பெண்கள் எழுத்தறிவோடு சைக்கிள் விடவும் கற்றனர். பிறர் துணை வேண்டாது சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். இஃதொன்றே அவர்க்குத் தக்க மறுமொழியாம்.

வழி

வேங்கிக்காலிலிருந்து வேலூர்ச் சாலையில் வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் போளூர். இவ்வழி பெரும்பாலும் சமநிலம்; மேற்கே பருவதமலை நெடுநேரம் உடன்வரும். கலசபாக்கத்தின் பக்கத்தே செய்யாற்றைக் காணலாம். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அவ்வாற்றைக் கண்டு இகழாதீர். அதன் பிறப்பிடத்தை நோக்கியே நாம் செல்கின்றோம்.

ஒருநாள் கூடுதலாகச் செலவிட இசைவார்க்குப் போளூரைச் சூழ இரண்டு இடங்கள் உள. ஒன்று திருமலை: பாறையிற் செதுக்கிய மிகப்பெரிய நேமிநாதர் உருவமும், முதலாம் இராசேந்திர சோழனது கங்கைப் படையெடுப்பைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டும் அங்குள்ளன. மற்றொன்று சவ்வாது மலையடியிலுள்ள படவேடு: சம்புவராயர் ஆண்ட காலத்தே அஃது ஒரு தலைநகராய் விளங்கியது, 14-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணர் படையெடுப்பால் அவ்வரசு வலியிழந்தது. இன்று வயலும் வாழையுமாய்க் கிடக்கும் அவ்வூரில் நிற்பார்க்கு, தலைநகரங்களும் நிலையாமைக்கு உட்பட்டனவே என்பது புலனாகும்.

போளூரினின்றும் மேற்கே திரும்பி அத்திமூர் வழியாகச் சென்றால் மலையேற்றம் தொடங்கும்.

ஏற்றத்தின் கணக்கு

மலையேற்றம் அச்சந் தருவது அதனை அளந்து பாராமையாலேயே. ஏறுவோன் 65 கிலோ, வண்டி 18 கிலோ, மூட்டை 7 கிலோ, ஆக 90 கிலோ என்று கொள்வோம். ஏறும் உயரம் 600 மீட்டர் எனின், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை 90 × 9.8 × 600, அதாவது 5,29,200 ஜூல். இஃது ஏறக்குறைய 126 கிலோகலோரி. நமது உடல் உணவிற் பெறும் சக்தியில் நான்கிலொரு பங்கையே இவ்வாறு வேலையாக மாற்ற வல்லது. ஆகவே 500 கிலோகலோரியளவு செலவாகும். இஃது ஒருவேளை உணவுக்குட் படும். எனவே மலை நம்மிடம் கேட்பது பெருவலிமையை அன்று, பொறுமையையே.

அப்பொறுமைக்குத் துணைசெய்வது பல்சக்கரம். முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் உடைய சாதாரண வண்டியில் பெடல் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 5.9 மீட்டர் செல்லும். 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் அஃது 39 சென்டிமீட்டர் ஏறுதலாகும். ஒரு மிதிக்குள் 90 கிலோ எடையை அவ்வளவு தூக்குதல் முழங்காலுக்குப் பெருந்துன்பம். முன்னே 28, பின்னே 32 பற்கள் அமையுமாறு மாற்றத்தக்க வண்டியிலோ ஒரு சுழற்சியில் 1.9 மீட்டரே செல்லும். ஏறுவது 13 சென்டிமீட்டரே. வேலை குறைந்திலது, சிறு சிறு கூறாகப் பகுக்கப்பட்டது. கடினமான பாடத்தை நாள்தோறும் சிறிது சிறிதாய்ப் படிக்கும் மாணவனும் இம்முறையையே கைக்கொள்ளுகின்றான். இத்தகைய வண்டி இல்லாதார் செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளிச் செல்வாராக. அதில் நாணுதற்கு யாதுமில்லை, நாமும் தள்ளினோம்.

மலைமேல்

ஜமுனாமரத்தூரைச் சார்ந்து பீமன் அருவியும் கோலப்பன் ஏரியும் உள. எனினும் பழமையை விரும்புவார் காணவேண்டுவன கீழ்ச்செப்பிலிப் பக்கத்திலுள்ள கற்பதுக்கைகள். பெரும் பலகைக்கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக இட்டு, ஒரு பக்கத்தே துளையும் வைத்து அமைத்த இவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். நிமிர்ந்து நிற்கவியலாத அச்சிறு கல்லறைகளைக் கண்ட பிற்காலத்தார் இவை குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்று எண்ணிக் குள்ளர் வீடு என்றே பெயரிட்டனர். இறந்தாரை இத்துணைப் பேணிய மக்கள் இருந்தாரை எங்ஙனம் பேணியிருப்பர் என்னும் நினைவு அங்கே தானே எழும்.

இவ்விடத்தே நம் பிழையொன்றையும் மறையாது கூறல் கடமை. நண்பகலில் நம் குடுவைகளில் நீர் முற்றும் தீர்ந்தது. நிழலொன்றையும் காணாது நா வறண்டு ஒரு சிற்றூரை அடைந்தோம். முதிய அன்னை ஒருவர் திண்ணையில் அமர்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நம்மவருள் ஒருவர், நீர் கேட்பதற்கு முன்னரே, அவரைப் படம் பிடிக்கக் கைப்பேசியை எடுத்தார். அவ்வன்னையோ முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, “படம் இருக்கட்டும் ஐயா, முதலிலே உட்காருங்க; மூஞ்சி வெளுத்துக் கிடக்குதே,” என்று கூறி உள்ளே சென்று, நீரும் சாமைக் கூழும் கொணர்ந்து தந்தார். பருகி முடித்துப் பணத்தை நீட்டினோம். “கூழுக்கு ஆராச்சும் காசு வாங்குவாங்களா?” என்று அவர் வினவியபொழுது நாம் தலைகுனிந்தோம். காட்சிப் பொருளைக் காண வந்தோம் என்று நாம் எண்ணியிருந்தோம். அவரோ வந்தவர் விருந்தினர் என்று எண்ணினார். மலைபடுகடாத்துக் கூத்தன் வழிகாட்டிய விருந்தோம்பல் இன்றும் அம்மலைமீது மாய்ந்திலது. மாய்ந்திருப்பது, விருந்தினனாய் நடந்துகொள்ளும் நம் பயிற்சியே.

ஜமுனாமரத்தூரினின்றும் ஆலங்காயத்தை நோக்கிச் செல்லும் வழியில், 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வானாய்வுக்கூடம் உள்ளது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு இங்கே பணி தொடங்கிற்று; 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியில் அக்கோளைச் சூழ்ந்த வளையங்களின் அடையாளம் இங்கும் பதிவாயிற்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டு, அதனைத் திட்டமிட்ட வைணு பாப்பு அவர்களின் பெயரைப் பெற்றது. 1988-இல் இங்கே கண்ட சிறுகோள் ஒன்றிற்குக் கணித மேதை இராமாநுசன் பெயர் சூட்டப்பட்டது. இத்தகைய கூடம் இக்காட்டினுள் அமைந்தது ஏன்? நகர விளக்குகள் வானை மறையாமையும், நிலநடுக்கோட்டை அண்மியிருப்பதால் வடவானையும் தென்வானையும் ஒருங்கே காண இயல்வதுமே காரணங்களாம். மலையின் இருளும் அமைதியும் வெறும் இன்மை அல்ல, ஒரு செல்வம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? காணச் செல்வார் பார்வையாளர்க்குரிய நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்தறிக.

இறக்கத்தின் ஆபத்து

ஏற்றத்திற்கு அஞ்சுவோர் பலர். இறக்கத்திற்கு அஞ்சுவோர் சிலர். உண்மையிலோ அஞ்சவேண்டியது இறக்கத்திற்கே. ஏறும்பொழுது நாம் சேர்த்த அந்த 5,29,200 ஜூல் சக்தியும் இறங்கும்பொழுது வெளிப்பட்டே தீரும். அதில் ஒரு பங்கைக் காற்று ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்கின் ரப்பர்க் கட்டைகளும் ரிம்முமே வெப்பமாக ஏற்கவேண்டும். விடாது அழுத்திக்கொண்டே சென்றால் ரிம் கைதொட இயலாதவாறு சுடும். ரப்பர் விரைவில் தேயும். மழை பெய்து இரும்பு ரிம் நனைந்திருந்தாலோ பிடிப்பு மிகக் குறையும்.

ஜமுனாமரத்தூரினின்றும் பரமனந்தலை நோக்கி இறங்குகையில் நம்முள் ஒருவரது பிரேக் கட்டை தேய்ந்திருந்ததை முதல்நாள் இரவே கண்டோம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். மறுநாள் ஒரு கொண்டையூசி வளைவில் அவர் பிரேக்கை ஹேண்டில்பார் தொடும்வரை அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. நல்லூழாக அவர் பள்ளத்தின் பக்கம் திரும்பாது மலைப்பக்கத்துப் புதரினுள் வண்டியைச் செலுத்தி வீழ்ந்தார். முழங்கையில் தோல் உரிந்தது. நாம் ஓடிச்சென்று அவரைத் தூக்கி நிறுத்தும்பொழுதே அவ்வளைவினின்றும் பேருந்து ஒன்று வெளிப்பட்டு, அவர் சற்றுமுன் வந்த இடத்தை நிறைத்துச் சென்றது. ஒருவரும் நெடுநேரம் பேசவில்லை. சில ரூபாய் பெறும் ரப்பர்க் கட்டைக்காக ஓர் உயிரைப் பணயம் வைத்தோம் என்பது அப்பொழுதே உறைத்தது. அன்று எஞ்சிய இறக்கம் முழுவதையும் நாம் நால்வரும் நடந்தே கடந்தோம்.

ஆகவே புறப்படுமுன் கட்டைகளைப் புதுப்பிக்க, கம்பிகளைச் சோதிக்க. இறங்கும்பொழுது விட்டுவிட்டு அழுத்துக. முன்பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தற்க. வளைவிற்கு முன்னரே வேகத்தை அடக்குக. அரைமணிக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிடுக.

செங்கத்து நடுகற்கள்

மலையினின்றும் இறங்கிக் குப்பநத்தம் அணையை அடுத்துச் சென்றால் செங்கம். இச்செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களிலேயே தமிழ்நாட்டின் மிகப்பழைய நடுகற்கள் பல கிடைத்தன. அவற்றின் எழுத்துக்களைப் படித்துத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் ஒரு நூலாக வெளியிட்டது. அவை பேரரசர் புகழைப் பாடுவன அல்ல. ஆநிரை காத்துப் பட்ட எளிய வீரர்க்கு அவர் சுற்றத்தார் எடுத்த கற்கள். அவற்றுள் எடுத்தனூர்க் கல் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமை நிரையைக் காக்கப் பொருது பட்டான் ஒருவன் உருவம் அதிலுளது. அவனருகே ஒரு நாயும் நிற்கின்றது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியை எழுத்துக்கள் கூறுகின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்றரசர் பலரின் பெயர் மறைந்தொழிந்தன. கடமை மறவாத ஒரு நாயின் பெயர் நின்று நிலவுகின்றது. இதனினும் சிறந்த பாடம் எவ்வகுப்பறையிற் கிடைக்கும்?

செங்கத்தினின்றும் கிழக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வந்தால் திருவண்ணாமலை. அங்கிருந்து வேங்கிக்கால் அண்மையே. மூன்று நாட்கள் இவ்வளையத்திற்குப் போதும்.

சில குறிப்புக்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சாலச் சிறந்தன. கோடையில் சமவெளியின் வெயில் கொடிது. கார்த்திகைத் தீபத்தையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நகரச் சாலைகளில் நெருக்கம் மிகும், அந்நாட்களைத் தவிர்க்க. தனியே செல்லற்க, மூவர் நால்வராய்ச் செல்க. விடியுமுன் புறப்பட்டு, மாலை மயங்குமுன் தங்குமிடம் சேர்க. தலைக்கவசம், ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, ஸ்பேனர், ஒருவர்க்கு மூன்று லிட்டர் நீர் ஆகியன இன்றியமையாதன. காட்டினுள் தீ மூட்டற்க, பிளாஸ்டிக் எறியற்க, சந்தன மரத்தின் சிறு கிளையையும் தொடற்க. மலைமக்களைப் படம் பிடிக்க வேண்டின் முதலில் வணங்கிக் கேட்க. மறுப்பாராயின் அம்மறுப்பை மதிக்க.

நண்பர்காள்! நம் கல்லூரியினின்றும் வெளிச்செல்வார் பலர் நெடுந்தொலைவான நாடுகளைக் காண்பர், காண்க. ஆயின் தம் ஏரிக்கரையினின்றும் நாள்தோறும் கண்ட மலையை ஒருமுறையேனும் தம் காலால் மிதித்து ஏறிக் கண்ட பின்னர் அங்ஙனம் செல்வாராக. இறைவன் படைத்த மலைகளை ஏறும் உரிமை எல்லார்க்கும் பொது. ஏறுதற்கு வேண்டுவன திருத்தமான ஒரு வண்டியும், அடக்கமான உள்ளமும், புதிய பிரேக் கட்டைகள் நான்குமேயாம்.